நிறைந்தும் கிளம்பாத வண்டி

ஜனவரி 18, புதன்

மூன்றாம் நாள். ஒன்றும் இல்லை.

மாம்பொங் வண்டி நிலையத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் தலைவன். நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: வண்டி நிறைந்தால்தான் கிளம்பும். கடைசி இருக்கைக்கு ஆள் வர மூன்று மணி நேரம் ஆனாலும் சரி, பயணிகள் என் ஏழு தலைமுறையைத் திட்டினாலும் சரி, நிறையாமல் சக்கரம் உருளாது. இப்போது என் வயிற்றுக்குள் ஒரு வண்டி நிற்கிறது. உள்ளே நிறைந்து, கூரையில் சேனைக்கிழங்கு மூட்டையும் கட்டியாயிற்று. கிளம்பவில்லை. ஓட்டுநரைக் காணோம்.

பாலைவனத்திலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று வேறு. ஊரே மாவு தடவிய மாதிரி புழுதி. உதடு கருவாடாகிவிட்டது. தண்ணீர் குடிக்கலாம்தான். குடித்தால் நிலையத்துக் கழிப்பறைக்குப் போக வேண்டும். தலைவன் கையில் காகிதத்தோடு வரிசையில் நிற்பதை ஓட்டுநர்கள் பார்த்தால் நாளைக்கு எவன் மதிப்பான்?

இரத்த டானிக் மட்டும் விடாமல் குடிக்கிறேன். புட்டியில் ஒரு கரண்டி என்று எழுதியிருக்கிறது. அது சாதாரண மனிதர்களுக்கு. நான் மூன்று. 28-ஆம் தேதி என் அக்கா மகள் டுஃபியின் கதவுதட்டு, பெண் கேட்டு வரும் சடங்கு. தாய்மாமன் வெளிறிப்போய் உட்கார்ந்தால், பெண் வீட்டில் கஞ்சிக்கே வழியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் நினைக்கமாட்டார்களா?

ஜனவரி 19, வியாழன்

நான்காம் நாள். காற்று மட்டும் பிரிந்தது. அதுவும் அரை மனதாக.

அகோசுவா அக்கா காலையிலேயே பாடம் ஆரம்பித்தாள். "டேய் குவாபெனா, கதவுதட்டு அன்னிக்கு மூணு மணி நேரம் ஆடாம அசையாம உக்காரணும். ஞாபகம் இருக்குல்ல?"

மறக்குமா? எங்கள் வழக்கம் அது. மாப்பிள்ளை வீட்டார் ஜின் புட்டிகளோடு வந்து கதவைத் தட்டுவார்கள். இரு பக்கமும் ஒவ்வொரு மாமன் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். பெண்ணை மூன்று முறை கேட்டு, அவள் மூன்று முறை சரி என்று சொல்லி, புட்டியை வாங்கிக்கொள்ளும் வரை இரண்டு மாமன்களில் எவன் எழுந்தாலும் அவன் பக்கம் பின்வாங்கிவிட்டது என்று பொருள். என் கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒருவர் தேள் கொட்டி எழுந்தார். அந்தக் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

ஒத்திப்போடவும் முடியாது. மாப்பிள்ளை பெடியாக்கோ ஒன்றாம் தேதி கப்பல் ஏறுகிறான். திரும்ப ஒன்பது மாதம். "முடிச்சுப் போடாம அனுப்பினா அவங்க வீட்டுல வேற பொண்ணு பார்ப்பாங்க மாமா," என்கிறாள் டுஃபி. தகப்பன் இல்லாத பெண். என்னைத்தான் நம்பியிருக்கிறாள். நான் படுத்தால் என் இடத்தில் உட்கார எங்கள் பெரியம்மா மகன் ஃபோசு இப்போதே தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறான். அவன் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் மட்டுமல்ல, ஜின்னும் தூங்கிவிடும்.

எப்படியும் கிளப்பியாக வேண்டும்.

மாலை: நிலையத்தில் வண்டிக்கு வண்டி ஏறி மருந்து விற்பவனைக் கூப்பிட்டேன். மூட்டு வலி, மலட்டுத்தன்மை, மாமியார் தொல்லை எல்லாவற்றுக்கும் அவனிடம் தூள் உண்டு. "தலைவரே, இது இசப்கோல் விதையோட உமி. ரெண்டு கரண்டி போட்டா போதும், மலையே நகரும்," என்றான். நான் ஐந்து கரண்டி வாயில் போட்டு, ஒரே ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினேன்.

ஜனவரி 20, வெள்ளி

மலை நகரவில்லை. இன்னொரு மலை வந்து சேர்ந்துகொண்டது.

எங்கள் வளவில் ஆறு குடித்தனம், ஒரு கழிப்பறை. காலை ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்தேன். வெளியே வரிசை. தையல்காரி கதவைத் தட்டி, "உள்ள போனது யாரு? செத்துட்டாரா?" என்று கேட்டாள். "இன்னும் இல்ல," என்றேன். "அப்ப எழுந்து வாங்க, புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்!" தோற்ற ராஜாவாக வெளியே வந்தேன். நினைத்துப் பார்த்தால் இரண்டு மாதமாகவே இப்படித்தான். வயிறு கூப்பிடும் நேரத்தில் வரிசை நீளமாக இருக்கும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு வயிறும் மானமுள்ளது ஆகிவிட்டதோ என்னவோ, இப்போது கூப்பிடுவதே இல்லை.

தையல்காரி அக்காவிடம் சொல்லிவிட்டாள். பத்து மணிக்கு அக்கா முற்றத்தில் நின்றாள். கையில் அந்தச் சிவப்பு ரப்பர்ப் பந்து. எங்கள் வீடுகளில் எல்லாம் ஒன்று உண்டு. காய்ச்சல், கோபம், பரீட்சையில் தோல்வி, எது வந்தாலும் இஞ்சியும் மிளகாயும் அரைத்த தண்ணீரை அதில் நிரப்பிப் பின்வாசல் வழியாக ஏற்றுவார்கள். நான் ஐந்து வயதில் வாங்கியது இன்னும் கனவில் எரிகிறது.

"படுடா."

"அக்கா, எனக்கு அறுபத்தொண்ணு."

"எனக்கு அறுபத்தெட்டு. படு."

ஓடினேன். மாம்பொங் வண்டி நிலையத்தின் தலைவன், அறுபத்தெட்டு வயதுக் கிழவியிடமிருந்து, முற்றத்தை இரண்டு சுற்று, கோழிக்கூட்டை ஒரு சுற்று. ஓட்டுநர்கள் மூன்று பேர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "தலைவரே, இடது பக்கம் வழி காலி!" என்று கத்தினார்கள். ஓட்டமாவது உள்ளே இருப்பதை அசைக்கும் என்று நினைத்தேன்.

அசையவில்லை.

ஜனவரி 21, சனி

ஆறாம் நாள். கறுப்புக் கண்ணாடி, தொப்பி, மருந்துக்கடை.

மேடம் ஒடுராவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பார்வை மட்டும் நூறு வயது. கடையில் நாலு பேர். நான் குரலைத் தாழ்த்தி, "ஒரு நண்பருக்கு மருந்து வேணும்," என்றேன். "வயிறு கொஞ்சம் மந்தம்."

"எத்தனை நாளா?"

"ஆறு."

"அதுக்கு முன்னாடி எப்படி? கெட்டியா, உருண்டை உருண்டையா, முக்கி முக்கி?"

அந்த மூன்றாவது வார்த்தைக்கு எனக்குப் பின்னால் ஒருவர் இருமினார். "ஆமாம்னு சொன்னாரு," என்றேன்.

"போய்ட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருக்கற மாதிரி?"

இவள் என் கழிப்பறையில் ஒளிந்திருந்தாளா? "அப்படியும் சொன்னாரு."

"வாந்தி?"

"இல்ல."

"தாங்க முடியாத வலி? வயிறு கல்லா வீங்கிக் காத்துகூடப் பிரியாம?"

"காத்து பிரியுது. சந்தோசமா இல்ல, ஆனா பிரியுது."

"ரத்தம் பட்டுதா? காரணமில்லாம எடை குறைஞ்சுதா?"

"எடை கூடிக்கிட்டே போகுது தாயீ. அதுதானே பிரச்சனை."

கடை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "உங்க நண்பர் வேற என்ன மருந்து சாப்பிடுறாரு?"

"ஒண்ணும் இல்ல. ஆரோக்கியமான ஆளு. சிங்கம்."

"கொஞ்சம் சிரிங்க பார்ப்போம்."

என்னது? சிரித்தேன். என் சிரிப்புக்கு மயங்காத பெண் இந்தப் பக்கத்தில் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். "ஈறு ஓரமாப் பல்லெல்லாம் கறுப்புக் கறை. தண்ணி டானிக்குல இருக்கற இரும்பு இப்படித்தான் கறை வைக்கும். அது சரி, உங்க நண்பரோட பல்லு ஏன் உங்க வாயில இருக்கு?"

கண்ணாடியைக் கழற்றினேன். வேறு வழி?

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று கரண்டி டானிக், ஐந்து கரண்டி உமி, ஒரு மடக்குத் தண்ணீர், வரிசை, ரப்பர்ப் பந்து. அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"டானிக்க இன்னிக்கே நிறுத்துங்க. இரும்பு பலருக்கு வயித்தக் கட்டும், நீங்க அதுல மூணு மடங்கு வேற. யாரு உங்களுக்கு ரத்தம் குறைவுன்னு சொன்னது?"

"முகம் பளபளக்கணும்னு..."

"பளபளக்குது. வேர்வையில. உமி நல்லதுதான், ஆனா ஒவ்வொரு தடவையும் பெரிய குவளை நிறையத் தண்ணியோட. தண்ணியில்லாமப் போட்டா உள்ள சிமெண்டாத்தான் கெட்டியாகும். இப்போதைக்கு அதை விடுங்க. மிளகாய்த் தண்ணி ஏத்துற வேலை வேண்டவே வேண்டாம், உள்ள வெந்து புண்ணாகிடும். அக்காகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் வளர்ந்த மனுசன், எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு."

ஒரு புட்டி லாக்டுலோஸ் கொடுத்தாள். குடலுக்குள் தண்ணீரை இழுத்து இளக்குமாம். இரண்டு மூன்று நாள் எடுக்கும், அவசரப்பட்டு அளவைக் கூட்டக் கூடாது. ஒரு சின்னப் பெட்டியில் கிளிசரின் குளிகைகளும். அது வாயில் போடுவதில்லை. எங்கே என்று அவள் சொன்னபோது மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். "திங்கக்கிழமை வரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னா இதுல ஒண்ணு. அரை மணி நேரத்துல தெரியும். அதுக்கும் மசியலைன்னா ஆஸ்பத்திரி. நடுவுல வாந்தி, பெரிய வலி, ரத்தம் எது வந்தாலும் எனக்காகக் காத்திருக்காதீங்க. சரியாயிட்டு மறுபடி மறுபடி வந்தாலும் டாக்டர்தான். அறுபதுக்கு மேல வயிறு பழக்கத்த மாத்தினா ஒரு தடவையாவது காட்டிடணும்."

முறைத்துப் பேசும் எந்த ஓட்டுநரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் வண்டியை மறித்திருப்பேன். இவளிடம் "சரிங்க மேடம்," என்றேன்.

ஜனவரி 22, ஞாயிறு

தேவாலயம். போதகர் மௌன ஜெபம் என்றதும் என் வயிறு மாத்திரம் உரக்க ஜெபித்தது. முன் வரிசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். நான் ஃபோசுவைப் பார்த்தேன்.

தண்ணீர் ஆறு குவளை. நிலையத்துக் கழிப்பறை வரிசையில் நின்றேன். ஓட்டுநர்கள் பார்த்தார்கள். "தலைவரே, முன்னாடி போங்க," என்று வழி விட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதற்கா பயந்தேன்?

பப்பாளி தின்றேன். அவரைக் குழம்பு. சேம்புக் கீரை. வேறு ஒன்றும் இல்லை. எழுத வேறு ஒன்றுமே இல்லை.

ஜனவரி 23, திங்கள்

ஃபோசு என் வாசலில் நின்று ஒத்திகை பார்க்கிறான். "இந்த வீட்டுத் தோட்டத்துல ஒரு பூவைப் பார்த்தோம்..." டேய், அது மாப்பிள்ளை பக்கம் பேச வேண்டிய வரிடா!

பதினொரு மணி: குளிகை. விவரிக்க மாட்டேன். சந்ததியார் இதைப் படிக்கலாம்.

பதினொன்று இருபது: நாட்டில் ஏதோ நடக்கப் போகிறது.

பதினொன்று முப்பத்தைந்து:

கிளம்பியது. கிளம்பியது! அகோசோம்போ அணையின் அத்தனை மதகையும் ஒரே நேரத்தில் திறந்தாலும் இந்த மகிமை வராது. முதலில் கல், பிறகு சாலை, பிறகு சமுத்திரம். வெளியே வந்தபோது கோழிகள் ஒதுங்கி வழி விட்டன. தையல்காரி என் முகத்தைப் பார்த்து, "என்ன மாமா, லாட்டரி விழுந்துச்சா?" என்றாள். அழுகை வந்துவிட்டது. சத்தியமாக.

ஃபோசுவின் தோளில் தட்டி, "நீ வீட்டுக்குப் போ," என்றேன்.

ஜனவரி 25, புதன்

காலை 6.10. ஒழுங்காக. லாக்டுலோஸைப் பாதியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறாள் மேடம் ஒடுரா.

ஜனவரி 27, வெள்ளி

6.10. வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பேர். நின்றேன். பல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், கறை கொஞ்சம் போயிற்று. நாளை.

ஜனவரி 28, சனி

இதை முழுதாக எழுதியே ஆக வேண்டும்.

பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். பதினான்கு பேர். முன்னால் மாப்பிள்ளையின் மாமன் படூ, கொக்கோ எடை போடும் உத்தியோகம். அவர் போர்த்தியிருந்த துணியை விரித்தால் எங்கள் நிலையத்துக்கே கூரை போடலாம். ஆனால் முகம்! உப்பு மூட்டையை நக்கிய ஆடு மாதிரி. எதிரே உட்கார்ந்தார், நாற்காலியின் நுனியில், ஒரு பக்கமாக. தண்ணீர் கொடுத்தோம், தொடவில்லை. பொரித்த மீனை டுஃபியே கொண்டுவந்து நீட்டினாள், தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

நான் எழுதி வைத்திருந்த மகா உரையை ஆரம்பித்தேன். "மாம்பொங்கில் அமைதியாக இருக்கிறோம். எந்தக் காற்று உங்களை இங்கே..." இதற்கு அவர் ஒரு மணி நேரம் பதில் சொல்ல வேண்டும். பூ, தோட்டம், நதி, யானை எல்லாம் வர வேண்டும். அவர் சொன்னது:

"பொண்ணு கேட்டு வந்தோம்."

அவ்வளவுதான். முடித்துவிட்டார்.

அக்கா என் பின்னாலிருந்து சீறினாள்: "பார்த்தியாடா? நம்ம வீட்டைப் பார்த்து மூஞ்சியச் சுளிக்கிறான். என் பொண்ணு இவனுக்கு இளப்பமாப் போச்சு. புட்டியத் திருப்பிக் கொடு!" ஃபோசு வேறு, "நான் பேசியிருந்தா..." என்று ஆரம்பித்தான். பெடியாக்கோ மாமனின் காதில் ஏதோ கெஞ்சினான். கதவிடுக்கில் டுஃபியின் ஒரு கண். அதில் தண்ணீர்.

அப்போது படூ நாற்காலிக் கையைப் பிடித்து, மெல்ல, எழப் பார்த்தார்.

இரண்டு குடும்பமும் மூச்சை இழுத்தது. அவர் எழுந்துவிட்டால் எல்லாம் போயிற்று. எனக்கு ஆத்திரம் பொங்கியது. முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்கலாம் என்று குனிந்தேன். அவர் வலியில் பல்லைக் கடித்தார்.

பல்!

ஈறு ஓரமாகக் கறுப்புக் கறை. மேலே, கீழே, வரிசையாக.

அடப்பாவி. இவரும் முகம் பளபளக்க டானிக் குடித்தவர்! ஒரு பக்கமாக உட்காருவது, ஹர்மட்டான் குளிரில் நெற்றியில் வேர்வை, சாப்பாட்டைக் கண்டால் திரும்பும் முகம். இது இளப்பம் இல்லை. போன வாரத்து நான்!

இரண்டு கையாலும் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, எழாமலே குரலை உயர்த்தினேன்: "மூதாட்டியிடம் யோசனை கேட்க வேண்டியிருக்கிறது!"

அதற்கு மட்டும் எங்கள் வழக்கத்தில் இடம் உண்டு. சிக்கலான நேரத்தில் பெரியவர்கள் எழுந்து தனியே போய்ப் பேசி முடிவெடுத்து வரலாம். அதை மூதாட்டியிடம் கேட்பது என்போம். அப்படி ஒரு கிழவி எங்கேயும் இல்லை. ஆனால் அவளைப் பார்க்கப் போகும்போது எழுந்தால் குற்றமில்லை. "இந்த முறை," என்றேன், "இரண்டு மாமன்களும் சேர்ந்தே போவோம்."

"அப்படி ஒரு வழக்கம் ஏது?" என்றான் ஃபோசு.

"இன்னியிலேர்ந்து."

பின்கட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எத்தனை நாள்?"

படூ என்னை முறைத்தார். "என்ன எத்தனை நாள்?"

"ஐயா, நேரம் இல்ல. எத்தனை நாள்?"

அந்தப் பெரிய மனிதர் மதிலில் சாய்ந்துவிட்டார். "அஞ்சு," என்றார். "சம்பந்தம் பேசப் போற ஆளு தெம்பாத் தெரியணும்னு டானிக்..."

"தெரியும். வாந்தி? ரத்தம்? தாங்க முடியாத வலி? காத்து பிரியுதா?"

"வழியெல்லாம் வண்டியில பிரிஞ்சுது. ஜன்னல் பக்கத்துல உக்காந்தவன் பாதியில இறங்கிட்டான். நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. உங்களுக்கு ஒரு வாரம் மூத்தவன்."

பெட்டியில் மிச்சமிருந்த குளிகை ஒன்றை எடுத்து, மேடம் ஒடுரா சொன்னதைச் சொன்னேன். அவருக்கு மாட்டக் கறுப்புக் கண்ணாடி இல்லை, பாவம். கழிப்பறை வாசலில் நான் காவல். தையல்காரி வாளியோடு வந்தாள். "இன்னிக்கு இது அரண்மனை," என்று திருப்பி அனுப்பினேன். கூடத்தில் நாற்பது நிமிடம் இரு குடும்பமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். மூதாட்டி கடுமையாக விசாரிக்கிறாள் என்று பேசிக்கொண்டார்களாம்.

முப்பத்தோராம் நிமிடம் உள்ளேயிருந்து ஒரு பாட்டு கேட்டது. தேவாலயப் பாட்டு.

திரும்பி வந்த படூவை அவர் வீட்டாருக்கே அடையாளம் தெரியவில்லை. முழு நாற்காலியிலும் உட்கார்ந்தார். மூன்று குவளை தண்ணீர் குடித்தார். டுஃபியைக் கூப்பிட்டு மீனைக் கேட்டு வாங்கினார். பிறகு பேசினார் பாருங்கள்! பூ வந்தது, தோட்டம் வந்தது, நதி வந்தது, யானை குட்டியோடு வந்தது. டுஃபியை இந்த நாட்டின் தங்கத்தையெல்லாம் உருக்கினாலும் வார்க்க முடியாத பெண் என்றார். அக்காவின் முகத்தில் சுருக்கமெல்லாம் போய்விட்டது. என் உரையைவிட அவருடையது நன்றாக இருந்தது. இதை நாட்குறிப்பில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

"டுஃபி, இந்த ஜின்னை வாங்கிக்கலாமா?" என்று மூன்று முறை கேட்டேன். முதல் முறை மெதுவாக. இரண்டாம் முறை சத்தமாக. மூன்றாம் முறை நான் கேட்டு முடிப்பதற்குள், "வாங்குங்க மாமா!" என்று கத்தினாள்.

சாப்பாட்டில் ஃபோசு பக்கத்தில் வந்தான். "மூதாட்டி அப்படி என்னதான் சொன்னா?"

"தடை ஒண்ணும் இல்லன்னா."

ஜனவரி 29, ஞாயிறு

6.15. ஐந்து நிமிடம் தாமதம். நேற்றைய மீன். மன்னித்துவிட்டேன்.

பிப்ரவரி 4, சனி

பெடியாக்கோ கப்பலில் இருந்து பேசினான். நவம்பரில் கல்யாணம். டுஃபி தொலைபேசியை வைத்துவிட்டுச் சும்மாவே முற்றத்தைப் பெருக்கினாள், ஏற்கெனவே பெருக்கிய முற்றத்தை.

மதியம் படூ வந்தார். தோளில் ஒரு மூட்டை. அக்கா ஜின் என்று நினைத்து ஓடினாள். பப்பாளி. முப்பது இருக்கும். "சம்பந்தி வீட்டுக்கு யாராவது பப்பாளி கொண்டு வருவாங்களா?" என்று அவள் என் காதைக் கடித்தாள். நானும் படூவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். அவர் மருந்துக்கடைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார். அவரையும் சிரிக்கச் சொன்னாளாம்.

கல்யாணத்துக்கு அழைக்க வேண்டிய பெரியவர்கள் பட்டியலை எழுத உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் நான்கு பெயர், அவர்கள் பக்கம் நான்கு பெயர். எல்லாருக்கும் மேலே, முதல் வரியில், படூ தன் கையாலேயே எழுதினார்: மேடம் ஒடுரா.

அக்கா எட்டிப் பார்த்தாள். "மருந்துக்கடைக்காரியா? அவ நமக்கு என்ன முறை?"

படூ என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"மூதாட்டி," என்றோம் இருவரும்.